வாசற்படியில் ஒரு பை பார்ஸ்லி

(தோட்ட மாதர் சங்கக் கூட்டமொன்றில் வீட்டுத்தோட்டம் பற்றி ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நிறுவையெல்லாம் முடிந்து, பிள்ளைமடுவத்தில் இருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, களைத்துப்போய் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு நான் பேசப் போவது ஒரு சின்னக் கீரையைப் பற்றி. அதன் பெயர் பார்ஸ்லி.

சில பேர் சிரிக்கிறீங்க. "அது துரைமார் சூப்பில போடுற இலையாச்சே, நமக்கு எதுக்கு?" என்று பின்னால் ஒரு அம்மா கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். இங்கிலீஷ் மரக்கறி என்று நாம் சொல்லும் கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா எல்லாம் வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலைக்கு வந்தவை. நுவரெலியாவில் 1848 ஆம் ஆண்டளவில் சாமுவேல் பேக்கர் என்பவர் பண்ணை போட்டு இந்தப் பயிர்களைச் செய்தார் என்பது சரித்திரம். அப்புறம் பங்களாக்களில் குசினித் தோட்டங்கள் வந்தன. அந்தத் தோட்டங்களில் மண் கொத்தி, தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கிய கைகள் யாருடையவை? நம்முடைய பாட்டன் பூட்டன் கைகள்தான். இன்றைக்கு கரட்டும் லீக்ஸும் நம் வீட்டுச் சட்டியிலும் வேகுது. பார்ஸ்லி மட்டும் ஏனோ பங்களாவோடு நின்றுவிட்டது. வளர்க்கத் தெரிந்த கைகளுக்கு அதைச் சாப்பிடவும் உரிமை உண்டு.

அதுவுமில்லாமல், இது நமக்கு அந்நியச் செடியும் அல்ல. கொத்தமல்லி, கரட், செலரி, நம்ம வல்லாரை, இவையெல்லாம் பார்ஸ்லிக்குச் சொந்தக்காரர்கள். ஒரே தாவரக் குடும்பம். இலையைப் பார்த்தால் கொத்தமல்லிக்குத் தங்கச்சி மாதிரியே இருக்கும். சுருட்டை இலை, தட்டை இலை என்று இரண்டு வகை உண்டு. சுருட்டை பார்வைக்கு அழகு. தட்டை இலையில் வாசம் அதிகம், கழுவுவதும் சுலபம். வீட்டுக்கு நான் தட்டை இலையைத்தான் சொல்வேன்.

ஏன் இந்தக் கீரையைப் பேச எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். 2016 ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஒரு கணக்கு வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 100க்குச் சுமார் 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 100க்குச் சுமார் 32 பேர். இது பிள்ளைகளின் குற்றமில்லை. தாயின் உடம்பில் இரத்தம் குறைந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் குறையும். மாவு ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியுமாக நாளை ஓட்டினால் உடம்புக்குச் சத்து எங்கிருந்து வரும்? 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் மரக்கறி விலை ஏறின ஏற்றத்தையும் நாம் மறக்கவில்லை. அந்த வேளையில் வாசலில் நாலு கீரை வைத்திருந்த வீட்டுக்கும், ஒன்றுமே இல்லாத வீட்டுக்கும் இருந்த வித்தியாசத்தை நீங்களே பார்த்தீர்கள்.

இப்போது பார்ஸ்லியின் சத்தைச் சொல்கிறேன், கூட்டிச் சொல்லாமல். 100 கிராம் பச்சை இலையில் சுமார் 130 மில்லிகிராம் விற்றமின் சி, சுமார் 6 மில்லிகிராம் இரும்புச்சத்து இருக்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் யாரும் ஒரு நாளைக்கு 100 கிராம் சாப்பிடப் போவதில்லை. ஒரு கைப்பிடி இலை சுமார் 10 கிராம்தான் வரும். அதில் இரும்பு கொஞ்சந்தான். ஆகவே பார்ஸ்லி தின்றால் இரத்தம் ஊறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அதன் உபகாரம் வேறு வழியில் வருது. பருப்பு, பயறு, கீரை இவற்றில் உள்ள இரும்பை நம் உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. கூடவே விற்றமின் சி போனால் நன்றாக எடுத்துக்கொள்ளும். பருப்புக் கறியில் பச்சைப் பார்ஸ்லியைத் தூவி, கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் விட்டால், பருப்பில் இருக்கும் இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும்.

இதோடு சேர்த்து இன்னொரு சங்கதியையும் சொல்லியாக வேண்டும். நாம் பறிக்கிற கொழுந்துதான், ஆனாலும் உண்மை உண்மைதானே. சோற்றோடும் ரொட்டியோடும் சாயத்தண்ணி குடித்தால், தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை. குளிரில் அது இல்லாமல் எப்படி? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீங்க, வெறும் தண்ணீரோடு எடுங்க. இதற்கு ஒரு சதம்கூடச் செலவில்லை.

சரி, இனி வளர்ப்புக்கு வருவோம். பார்ஸ்லி போட்டுப் பார்த்துக் கைவிட்டவர்கள் எல்லோரும் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் தோற்கிறார்கள். ஒன்று விதையில், மற்றது மண்ணில். இந்த இரண்டையும் நன்றாகப் பிடித்துக்கொண்டால் மீதி வேலை சுலபம்.

முதலில் விதை. கொத்தமல்லி போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். பார்ஸ்லி அப்படி இல்லை. மூன்று கிழமை, சில நேரம் நாலு கிழமைகூட எடுக்கும். இரண்டு கிழமை பார்த்துவிட்டு, "விதை சொத்தை, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று பையைக் கவிழ்த்துக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். உள்ளே முளை கண் திறக்கும் நேரத்தில் கொட்டிவிடுகிறார்கள். பொறுமைதான் இந்தப் பயிருக்கு முதல் உரம்.

முளைப்பைக் கொஞ்சம் சீக்கிரமாக்க வழி உண்டு. விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு இராத்திரி ஊற வையுங்கள். விதையிலே முளைப்பைத் தடுக்கிற ஒரு சத்து இருக்கிறது, ஊறும்போது அது கழன்றுபோகும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு விதையை எடுத்துப் போடுங்கள். விதை பழசாக இருந்தால் எத்தனை ஊறினாலும் பலனில்லை. பார்ஸ்லி விதை இரண்டு வருஷத்துக்கு மேல் நம்பிக்கையில்லை. பைக்கற்றில் அடித்திருக்கும் திகதியைப் பார்த்து வாங்குங்கள். பெரியவர்களுக்கு எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தேகமிருந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஐந்தாறாவது முளைத்தால் அது நல்ல விதை.

இரண்டாவது மண். இதைக் கவனமாகக் கேளுங்கள். நம்மைச் சுற்றியுள்ள மண் தேயிலை மண். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேண்டும். மண்ணின் புளிப்பை அளக்கிற கணக்கில் தேயிலை 4.5 முதல் 5.5 வரை விரும்பும். பார்ஸ்லிக்கோ 6 முதல் 7 வரை வேண்டும். ஆகவே மலையில் இருந்து மண்ணை அள்ளிப் போட்டு நட்டால், செடி மஞ்சளித்துக் குறண்டி நிற்கும். எவ்வளவு தண்ணீர் விட்டும் ஏறாது. அதோடு தேயிலைத் தூர் மண்ணை வெட்டுவது மலைக்கும் கேடு. மழையில் வேர் வெளியே வந்துவிடும்.

அந்தப் புளிப்பை முறிக்கிற மருந்து உங்களுக்குத் தெரியாததா? மலையில் போடுகிற டொலமைட்தான். அரை உரப்பை மண்ணுக்கு ஒரு கைப்பிடி டொலமைட் போதும். மண்ணோடு நன்றாகக் கலந்து, ஈரமாக்கி, இரண்டு கிழமை சும்மா வையுங்கள். டொலமைட் கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பல் இருக்கிறது. விறகு எரித்த சாம்பலாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கும் குப்பையும் எரித்த சாம்பல் கூடாது. சலித்து ஒரு கைப்பிடி போடுங்கள். இரண்டையும் சேர்த்து அள்ளிக் கொட்டினால் புளிப்பு அளவுக்கு மீறி முறிந்து, அதுவும் செடிக்கு ஆகாது.

மண் கலவை இப்படி இருக்கட்டும். வீட்டுப் பக்கத்து மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கின கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறோ மணலோ ஒரு பங்கு. மாடு வைத்திருக்கிற வீட்டில் சாணத்தை மூன்று நாலு மாதம் மக்க விட்டுத்தான் போட வேண்டும். பச்சைச் சாணம் போடவே கூடாது. இது பச்சையாகச் சாப்பிடுகிற இலை என்பதை மறக்காதீங்க. மரக்கறித் தோல், காய்ந்த சருகு, தேத்தண்ணிச் சக்கை எல்லாவற்றையும் ஒரு குழியிலோ பழைய உரப்பையிலோ போட்டு மக்க வைத்தால் அதுவே கூட்டெரு. 2021 ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினபோது தேயிலையும் மரக்கறியும் பட்ட பாடு நமக்குத் தெரியும். உங்கள் வீட்டு மூலையில் இருக்கும் கூட்டெருக் குழியை யாராலும் நிறுத்த முடியாது.

"நமக்கு ஏது நிலம்?" என்று கேட்பீர்கள். லயத்து வாசலில் இரண்டு உரப்பை வைக்க இடமிருந்தால் போதும். ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்கள் வாசல் ஓரமாக ஒரு சின்னப் பாத்தியே போடலாம். பார்ஸ்லிக்குக் கரட் மாதிரி ஆணிவேர் கீழே இறங்கும். ஆகவே பை ஒரு அடி ஆழமாவது இருக்க வேண்டும். உரப்பையை நன்றாகக் கழுவி, பாதியாக மடித்து, அடியில் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். பழைய வாளி, எண்ணெய் டின் எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒன்று, களைமருந்து, பூச்சிமருந்து வந்த கேன்களை எத்தனை தரம் கழுவினாலும் பயிர் வைக்க எடுக்காதீங்க. தண்ணீர் பிடிக்கவும் எடுக்காதீங்க. அது விஷம்.

ஊற வைத்த விதையை ஒரு பைக்கு பத்துப் பன்னிரண்டாக, கால் அங்குல ஆழத்தில் போடுங்கள். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். மேலே ஒரு ஈரச் சாக்குத் துண்டை விரித்து, தினமும் கையால் தண்ணீர் தெளியுங்கள். வாளியோடு ஊற்றினால் விதை புரண்டுபோகும். பச்சை முனை தெரிந்த அன்றைக்கே சாக்கை எடுத்துவிட வேண்டும். நாற்று இரண்டு அங்குலம் வந்தவுடன் நல்ல நாற்றாக மூன்று நாலை ஆறு அங்குல இடைவெளியில் விட்டு, மற்றதைப் பிடுங்கிக் கறியில் போடுங்கள். பெயர்த்து வேறு பையில் வைப்பதானால் சின்ன நாற்றாக இருக்கும்போதே, வேர் மண்ணோடு பெயருங்கள். வளர்ந்த செடியைப் பெயர்த்தால் ஆணிவேர் அறுந்து வாடிவிடும்.

நமது மலைக் குளிர் பார்ஸ்லிக்குச் சொந்த வீடு மாதிரி. நுவரெலியா, மஸ்கெலியா, தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமெல்லாம் நன்றாக வரும். தை மாசியில் விழுகிற லேசான உறைபனியையும் தாங்கும். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்களில் வெயில் கூடுதல். அங்கே காலை வெயில் மட்டும் படுகிற, மத்தியானம் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். மேல் மலையில் நாலைந்து மணி நேர வெயில் வேண்டும்.

வெயிலை விட நமக்குப் பெரிய எதிரி மழைதான். வைகாசி தொடக்கம் ஆவணி, புரட்டாசி வரைக்கும் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் விடாமல் கொட்டும். ஊவாப் பக்கம் மார்கழி மழை. பையில் தண்ணீர் தேங்கினால் தூர் அழுகி, செடி ஒரே நாளில் சாய்ந்துவிடும். பையை மண் தரையில் வைக்காமல் இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். தகரக் கூரைத் தண்ணீர் வடிகிற இடத்துக்கு நேர் கீழே வைக்காதீங்க, ஒரு மழைக்குள் மண்ணெல்லாம் தெறித்துப்போகும். வெயில் காலத்தில் விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். அரிசி கழுவின தண்ணீர் நல்லது. சவர்க்காரத் தண்ணீரும், லயத்துக் கான் தண்ணீரும் ஒருபோதும் வேண்டாம். கான் தண்ணீரில் கக்கூசு அழுக்கும் கலந்திருக்கும். பச்சை இலை வழியாக அது நேரே பிள்ளையின் வயிற்றுக்குப் போகும்.

நத்தை வந்தால் இராத்திரி விளக்கைப் பிடித்துக் கையால் பொறுக்குவதுதான் சிறந்த வழி. இலைக்கு அடியில் அசுவினி மொய்த்தால் தண்ணீரை அடித்துக் கழுவி விடுங்கள். புள்ளி விழுந்த இலையைக் கிள்ளி எடுத்துத் தூரப் போடுங்கள். இரண்டு பைக் கீரைக்கு மருந்து அடிக்கிற வேலையே வேண்டாம். கோழியும் ஆடும் இருந்தால் சுற்றி நாலு குச்சி நட்டு, பழைய வலையைக் கட்டுங்கள்.

விதை போட்டு இரண்டரை, மூன்று மாதத்தில் அறுவடை. இதில் உங்களுக்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. கொழுந்து எடுக்கிற கைக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு. தேயிலையில் நுனிக் கொழுந்தை எடுக்கிறோம். பார்ஸ்லியில் அதற்கு நேர் எதிர். வெளிப்பக்கத்து முற்றின தண்டைத் தூரோடு அறுத்து எடுக்க வேண்டும், நடுவில் இருக்கும் குருத்தைத் தொடவே கூடாது. பழக்கதோஷத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் வளர்ச்சி நின்றுபோகும். இப்படி எடுத்தால் ஒரு செடி பல மாதம் இலை தரும். அடுத்த வருஷம் நடுவில் பூந்தண்டு எழும்பும், இலை கசக்கும். அதற்கு முந்தியே, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் புதுப் பை ஒன்றில் விதை போட்டு வைத்தால் இடைவெளி விழாது.

சமையலைக் கேட்டால், நல்லாக் கழுவி, கொதித்து ஆறின தண்ணீரில் இன்னொரு தரம் அலசுங்கள். வல்லாரைச் சம்பல் மாதிரியே பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய் சேர்த்துச் சம்பல் போடலாம். பருப்பு, பயறு, நெத்தலிக் குழம்பு எதுவானாலும் அடுப்பிலிருந்து இறக்கின பிறகு தூவுங்கள். கொதிக்க விட்டால் விற்றமின் சி அழிந்துபோகும். ரொட்டி மாவோடு பிசையலாம், முட்டைப் பொரியலில் போடலாம். பிள்ளைகள் வாசத்துக்கு முகத்தைச் சுளித்தால் முதலில் உருளைக்கிழங்கில் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. கர்ப்பிணித் தாய்மார் சமையலில் தூவுகிற அளவோடு நிறுத்த வேண்டும். கஷாயமாகக் காய்ச்சிக் குடிப்பதோ, கட்டுக் கட்டாகச் சாப்பிடுவதோ கூடாது, கர்ப்பப்பைக்கு ஆகாது. இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் மாத்திரை எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் கூட்டிச் சாப்பிடக் கூடாது. சிறுநீரகத்தில் கல் உள்ளவர்களும் அப்படியே. கான் ஓரத்தில் இதே சாயலில் நிற்கிற எந்தச் செடியையும் பார்ஸ்லி என்று பறித்துச் சமைக்காதீங்க. நீங்கள் விதை போட்டு வளர்த்ததை மட்டும் சாப்பிடுங்கள்.

விற்கலாமா என்றும் கேட்பீர்கள். ஹோட்டல்களும் பட்டணத்துக் கடைகளும் பார்ஸ்லி வாங்குவது உண்மை. ஆனால் வாங்குகிற ஆளைப் பேசி முடிக்காமல் முப்பது பை போட்டுவிட்டு நிற்காதீங்க. அறுத்த இலை இரண்டு நாளில் வாடிவிடும். முதலில் வீட்டுக்கு, மிச்சம் பக்கத்து வீட்டுக்கு. கை பழகின பிறகு நாலு குடும்பம் சேர்ந்து செய்தால் வியாபாரத்தை யோசிக்கலாம்.

கடைசியாக ஐயாமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. விடிய நாலு மணிக்கு எழும்பி, சமைத்து, பகல் முழுக்க மலையில் நின்று, வந்து திரும்பவும் அடுப்படியில் நிற்கிறவர் அம்மா. இந்தப் பையையும் அவர் தலையிலேயே ஏற்றினால் நான் பேசினது பாவமாகிவிடும். மண் கலந்து பை கட்டுவது அப்பாவின் வேலையாக இருக்கட்டும். காலையில் தண்ணீர் தெளிப்பதும், நத்தை பொறுக்குவதும், விதை போட்ட திகதியைச் சுவரில் எழுதி நாள் எண்ணுவதும் பிள்ளைகளின் வேலை. அம்மா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பருப்பில் தூவின பங்கை எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியைக் கழுவாமல், தன் கோப்பையிலும் ஒரு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

 சங்கத்தில் விதை பிரித்துக் கொடுக்க இருக்கிறார்கள். ஒரு பைக்கற்றை நாலு வீடு பங்கு போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு இரவே ஊற வையுங்கள்.